புழு புகட்டும் பாடமும் நமது நோன்பும்

நம் இல்லத்துப் பிள்ளைகள் நுண்ணுயிரியல், மருந்தியல் முதலிய துறைகளில் பட்டப்படிப்புப் பயிலச் செல்லும்போது, சிலர் கடல் கடந்தும் செல்கின்றனர். பிரிட்டன் போன்ற நாடுகளில் பாக்டீரியா நோய்த்தொற்றை விளக்க, எலிக்கு மாற்றாக ஒரு பூச்சியின் புழுவைக் கையாளும் முறை பரவியுள்ளது. அது யாது, அதனால் கற்பது எவ்வளவு, நமது நோன்பு அதனை எங்ஙனம் நோக்கும் என்பனவற்றைப் பெற்றோரும் மாணவரும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

புழுவின் இயல்பு

இது மெழுகு அந்துப்பூச்சியின் புழு. அறிவியற்பெயர் கல்லேரியா மெல்லொனெல்லா. தேன்கூட்டினுள் புகுந்து மெழுகடையைத் தின்று வளர்வதால், தேனீ வளர்ப்போர் இதனைப் பகையாகவே கருதுவர். முதிர்ந்த புழு இரண்டு சென்டிமீட்டர் அளவினது, வெளிர்மஞ்சள் நிறத்தது. மனித உடலின் வெப்பநிலையாகிய 37 பாகை செல்சியஸிலும் இது வாழும். மனிதரைத் தாக்கும் பாக்டீரியாக்கள் பல அவ்வெப்பத்தில்தான் தம் முழு வன்மையைக் காட்டும். ஆதலின் ஆய்வாளர் இதனைத் தேர்ந்தனர்.

பாடம் நடைபெறும் முறை

புழுக்களைப் பத்துப் பத்தாகப் பிரிப்பர். முதற்குழுவிற்கு ஊசியே இல்லை. இரண்டாவதற்குத் தூய உப்புநீர் மட்டும். மூன்றாவதற்குச் சிறிதளவு பாக்டீரியா. நான்காவதற்கு மிகுதியான அளவு. ஐந்தாவதற்கு மிகுதியான பாக்டீரியாவோடு நோய்முறி மருந்தும் உண்டு. வயிற்றுப்புறத்துப் போலிக்காலின் வழியே, ஒரு மில்லிலிட்டரில் நூற்றில் ஒரு பங்கு நீர்மத்தை நுண்ணூசியால் செலுத்துவர். பின்னர் 37 பாகை வெப்பத்தில் வைத்து, 24, 48, 72 மணி நேரங்களில் எண்ணிக்கை எடுப்பர். தொட்டால் அசையாத புழு இறந்ததாகக் கொள்ளப்படும்.

தொற்றுக்கு உள்ளான புழு பழுப்பாகிக் கறுக்கும். பாக்டீரியாவைச் சிறைப்படுத்த அதன் உடல் மெலனின் என்னும் கருநிறப் பொருளை உண்டாக்குவதே காரணம். அதன் குருதிநீரிலுள்ள அணுக்கள் பாக்டீரியாவை விழுங்குகின்றன. கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களும் சுரக்கின்றன. நம் வெள்ளணுக்களின் செயலை இது ஒருவாறு ஒத்தது. ஆயினும் நம் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் புழுவிடம் இல்லை.

கிருமியின் அளவு கூடக்கூட இறப்பு கூடுதல், வன்மையுள்ள கிருமியும் வன்மையற்ற கிருமியும் வேறுபடுதல், மருந்தைக் காலந்தாழ்த்தினால் பயன் குறைதல், ஒப்பீட்டுக் குழு இன்றி முடிவு கூறலாகாமை ஆகிய நான்கும் மாணவர் இதிற் கற்பவை. நான்கும் நல்ல பாடங்களே, அதில் ஐயமில்லை.

பூச்சிகளால் விளைந்த அறிவு

பூச்சிகளிடம் நோயறிவு பெறுதல் புதிதன்று. நுண்ணுயிர் ஒன்று விலங்கிற்கு நோய் தரும் என்பதை இத்தாலியரான அகோஸ்தினோ பாஸி 1835இல் பட்டுப்புழுவைக் கொண்டே நிறுவினார். லூயி பாஸ்டர் 1865 முதல் சில ஆண்டுகள் பிரான்சில் பட்டுப்புழு நோய்களை ஆராய்ந்தார். பழ ஈயின் நோயெதிர்ப்பை ஆராய்ந்த ஜூல்ஸ் ஹாஃப்மன் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வறிவின் பயனை நாமும் துய்க்கின்றோம்.

சட்டத்தின் கணக்கும் சமணத்தின் கணக்கும்

பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் முதுகெலும்புள்ள விலங்குகளுக்கும், கணவாய் இனத்திற்கும் மட்டுமே காப்பளிக்கிறது. பூச்சிகள் அதில் அடங்கா. ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் 1959இல் வகுத்த மாற்று, குறைப்பு, துன்பம் தணித்தல் என்னும் மூன்று நெறிகளின்படி, எலிக்குப் பதில் புழுவைக் கொள்வது ‘மாற்று’ எனப் போற்றப்படுகிறது.

நமது கணக்கு வேறு. தொல்காப்பிய மரபியலிலும் ஜின ஆகமங்களிலும் உயிர்கள் அறிவால் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. தும்பியும் தேனீயும் நாலறிவுயிர்கள். புழுவை ஈரறிவினதாகக் கொண்டாலும் அது இயங்குயிரே. இயங்குயிரை எண்ணிக் கொல்லாமை இல்லறத்தாரின் அணுவிரதம்.

மேற்கூறிய ஐந்து குழுக்களுக்கு ஐம்பது புழுக்கள். பத்து மாணவர் அணிகள் தனித்தனியே செய்தால் ஐந்நூறு. உப்புநீர் பெற்று நலமாய் இருப்பவையும் பிழைப்பதில்லை. பாடம் முடிந்ததும் எஞ்சியவற்றையும் உறையவைத்து அழிப்பதே பொதுவழக்கம். தொற்றுக் கிருமி வெளியே பரவலாகாது என்பதே அதற்குக் காரணம்.

ஹிம்சை நால்வகைத்து. கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பம். வீட்டுப் பணிகளில் நேர்வது ஆரம்பம். தொழிலில் நேர்வது உத்யோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். இல்லறத்தார் முதலாவதை முற்றும் விலக்கி, ஏனையவற்றை இயன்றவரை குறைத்தல் வேண்டும். புதுமருந்து காணும் ஆய்வாளரின் செயலை உத்யோகத்துள் அடக்குவோர் உளர். அதனை அறிஞர்களின் ஆராய்ச்சிக்கு விடுவோம். ஆனால் விடை முன்பே தெரிந்த ஒன்றை மீண்டும் காட்டுவதற்காக ஆண்டுதோறும் உயிர்களைக் கொல்லுதல் சங்கல்பத்தையே சார்ந்தது என்பது எமது துணிபு.

ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதுவோர் முதலில் நோக்கத்தை எழுதுவர். அதன் பின்னரே துணைக்கருவியைத் தேர்வர். வேறு கருவியால் அதே நோக்கம் நிறைவேறுமாயின், விலைமிக்க கருவியை விடுவதே முறை. உயிரினும் விலைமிக்கது யாது?

மாணவர் செய்யத்தக்கது

1. பருவம் தொடங்குமுன் பேராசிரியரிடம் பணிவோடு, எழுத்து வடிவில் தெரிவித்தல். விலக்கு வேண்டாமல், இணையான மாற்றுப் பணி வேண்டுதல்.

2. முன்பு பதிவான படக்காட்சியைக் கண்டு, பழைய வகுப்பின் எண்களைப் பெற்று, பிழைப்பு வரைகோடு தாமே வரைந்து முடிவு கூறுதல். எண்ணிக்கையை ஆராய்தலே இப்பாடத்தின் உயிர்நாடி.

3. மருந்தின் ஆற்றலை வளர்ப்புத் தட்டில் கண்டறிதல். பாக்டீரியாவும் உயிரன்றோ எனில், ஆம். நீரைக் காய்ச்சும் இல்லறத்தார்க்கு அவற்றை முற்றும் காத்தல் இயலாது. இயங்குயிரைக் காத்தல் இயலும்.

4. உடன் பயில்வோரை இகழாதிருத்தல். பிறர் மனத்தைப் புண்படுத்துதலும் ஹிம்சையே.

இவ்வாறு கேட்பது வியப்புக்குரியதன்று. நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு 2011இல், விலங்கியல் வகுப்புகளில் விலங்கறுப்பைப் படிப்படியாக நிறுத்த வழிகாட்டியது. 2014இல் முற்றிலும் நிறுத்தப் பணித்தது. மாற்றுவழிகள் அதன்பின் பெருகின.

வீட்டில் கூடிச் சிந்திக்க

1. விடை தெரிந்த சோதனைக்கும் தெரியாத சோதனைக்கும் அறநோக்கில் வேறுபாடு யாது?

2. உப்புநீர் மட்டும் பெற்ற குழு ஏன் தேவைப்படுகிறது?

3. நாம் உண்ணும் மருந்துகளுக்குப் பின்னுள்ள உயிர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி எவ்வாறு அமைய வேண்டும்?

மூன்றாம் வினாவிற்கு எமது விடை: மருந்தை வீணாக்காது, மருத்துவர் கூறிய அளவில், கூறிய நாள்வரை உண்ணுதல். நல்ஞானமும் நல்லொழுக்கமும் ஒருங்கு நிற்பதே நமது நெறி.