ஒன்றரை நிமிடப் படம், ஒரு முழுப் புத்தகம்

ஐதராபாத்தின் வடக்கே போவன்பள்ளி இருக்கிறது. அங்கே பெரிய காய்கறிச் சந்தை உண்டு. அந்தச் சந்தையில் தெலுங்கு கேட்கும். இந்தி கேட்கும். உருது கேட்கும். அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தால், பிள்ளை வீட்டில் தமிழ் பேசும். தெருவில் தெலுங்கு பேசும். பள்ளியில் ஆங்கிலம் படிக்கும்.

இப்படி வளரும் பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் என்ன ஆகும்? தெரியாத சொல் ஒன்று வரும். அடுத்த வரியில் இன்னொன்று வரும். பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். "படிக்கப் பிடிக்கவில்லை" என்று சொல்லும். இது சோம்பல் அல்ல. தப்பாகப் படித்தால் சிரிப்பார்களே என்ற பயம்.

அதே பிள்ளை செல்போனில் படம் பார்க்கும். நேரம் போவதே தெரியாது. இந்த ஆசையைப் படிப்புக்குப் பயன்படுத்த முடியுமா? முடியும். பிள்ளையே படம் எடுக்கட்டும். புத்தகத்தைப் பற்றி எடுக்கட்டும்.

புத்தகத்துக்கும் முன்னோட்டம்

புதிய சினிமா வருவதற்கு முன்பு முன்னோட்டம் காட்டுவார்கள். அதைப் பார்த்தவருக்கு முழுப் படத்தையும் பார்க்க ஆசை வரும். புத்தகத்துக்கும் அப்படிச் செய்யலாம்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கென்னடி என்ற எழுத்தாளர் 2011-இல் பிள்ளைகளுக்காக ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கினார். அந்த நாட்டில் சிறுவர் நூல்களுக்கு நியூபெரி என்ற விருது உண்டு. அது 1922 முதல் கொடுக்கப்படுகிறது. அந்த விருது தொடர்பான நூல் ஒன்றைப் பிள்ளைகள் படிக்க வேண்டும். அந்தக் கதையைச் சுமார் 90 விநாடிகளில் படமாக எடுக்க வேண்டும். அதாவது ஒன்றரை நிமிடம்.

இதில் என்ன நன்மை? படம் சின்னதுதான். ஆனால் அதை எடுக்கப் புத்தகத்தை நன்றாகப் படிக்க வேண்டும். கதையில் முக்கியமானவர் யார்? அவருக்கு என்ன வேண்டும்? தடையாக இருப்பது எது? இதற்காகப் பிள்ளை பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டும். பேச வேண்டியதை எழுதும். வாய்விட்டுப் படிக்கும். தவறு வந்தால் மறுபடி எடுக்கும். யாரும் திட்டாமலே பத்து முறை படித்துவிடும்.

எப்படிச் செய்வது?

1. நான்கைந்து பிள்ளைகள் ஒன்றுசேர வேண்டும். புத்தகத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். மெல்லிய புத்தகம் போதும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தைத் தொடங்கியது. அதில் தமிழிலும் தெலுங்கிலும் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

2. ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு அரைத்தாளில் ஐந்தாறு வரிகள் எழுதட்டும். முடிவை மட்டும் சொல்லக் கூடாது. "பிறகு என்ன ஆயிற்று? புத்தகத்தில் பாருங்கள்" என்று நிறுத்த வேண்டும்.

3. ஐந்தாறு படங்கள் வரையலாம், அல்லது நடிக்கலாம். சன்னல் வெளிச்சம் முகத்தில் படட்டும். மின்விசிறியை நிறுத்தினால் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

4. படிக்கத் திணறும் பிள்ளைக்குச் செல்போனைப் பிடிக்கும் வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளையும் இரண்டு வரியாவது படிக்க வேண்டும்.

5. பேசும் வரிகளைப் படத்தின் அடியில் பெரிய எழுத்தில் காட்டுவது நல்லது. பிரிஜ் கோத்தாரி என்பவர் 1996-இல் அகமதாபாத்தில் இந்த முயற்சியைத் தொடங்கினார். பாட்டு எந்த மொழியோ, அதே மொழியில் அடியில் வரிகள் ஓடும். 2002-இல் தூர்தர்ஷனின் சித்ரஹார் நிகழ்ச்சியிலும் இப்படி வரிகள் வந்தன. காது பாட்டைக் கேட்கும். கண் எழுத்தைப் படிக்கும்.

6. படத்தைக் காட்டும் இடத்தில் புத்தகமும் இருக்க வேண்டும். ஆசை வந்ததும் கையில் புத்தகம் கிடைக்க வேண்டும். நாளை என்றால் ஆசை ஆறிவிடும்.

கதை பிடிக்காத பிள்ளை

எல்லாருக்கும் கதை பிடிக்காது. போவன்பள்ளிச் சந்தையில் வீணாகும் காய்கறியிலிருந்து மின்சாரம் எடுக்க ஒரு நிலையம் அமைத்தார்கள். 2021 சனவரியில் பிரதமர் வானொலியில் அதைப் பற்றிப் பேசினார். அழுகிய தக்காளி எப்படி விளக்கை எரிக்கும்? இந்தக் கேள்வி எழுந்த பிள்ளைக்கு அறிவியல் புத்தகம் பிடிக்கும். சந்தையைக் காட்டி அந்தக் கேள்வியைக் கேட்டாலே நல்ல படம் ஆகிவிடும்.

கவனம் தேவை

பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையின் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது. அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பவும் கூடாது. வரைந்த படமும் குரலும் மட்டுமே போதும். யார் படம் அழகு என்று போட்டி வைக்க வேண்டாம். படத்தைப் பார்த்து எத்தனை பேர் புத்தகம் எடுத்தார்கள் என்று எண்ணுங்கள்.

1931-இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூலகம் புறப்பட்டது. அது ஊர் ஊராகப் போனது. படிப்பவரைத் தேடிப் புத்தகம் போனது. இன்று பிள்ளைகள் எடுக்கும் சின்னப் படமும் அதே வேலையைச் செய்கிறது.

பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. புதிதாக எழுத்துக் கற்ற தாய், பிள்ளை எழுதிய ஐந்து வரிகளைப் படித்துப் பார்க்கலாம். "இந்தச் சொல் எனக்குப் புரியவில்லையே" என்று கேட்கலாம். பிள்ளை விளக்கிச் சொல்லும். பழகாத எழுத்து மறந்து போகும். இருவரும் சேர்ந்து படித்தால் இருவருக்கும் மறக்காது.

பதில் சொல்லுங்கள்

1. பிள்ளைகள் புத்தகத்தை ஏன் மூடிவிடுகிறார்கள்?
2. கதையின் முடிவைப் படத்தில் ஏன் சொல்லக் கூடாது?
3. படம் காட்டும் இடத்தில் புத்தகம் ஏன் இருக்க வேண்டும்?

செய்து பாருங்கள்

நீங்கள் கடைசியாகப் படித்த புத்தகம் எது? அதைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுங்கள். முடிவை எழுதாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் புத்தகத்தைக் கேட்கிறாரா என்று பாருங்கள்.