முப்பத்திரண்டாவது பகுதி எங்கே?

நுழையும்முன்

கணக்கின் விடையை நொடியில் காட்டும் மென்பொருள்கள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அவ்விடை ஏன் வந்தது என்று ஆராய்வதற்கு மென்பொருளை எங்ஙனம் துணைகொள்ளலாம் என்பதை ஒரு வட்டத்தையும் ஆறு புள்ளிகளையும் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்லவும் மதுரைக்குச் செல்லவும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்யவேண்டும். நத்தத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பயிலும் மாணவர்க்கு இரவில் ஒரு கணக்கில் ஐயம் எழுந்தால், ஆசிரியரை மறுநாள்தான் காண இயலும். தனிப்பயிற்சிக்காக நாள்தோறும் பேருந்தேறிச் சென்று திரும்புவது எல்லார்க்கும் இயல்வதன்று. கணித மென்பொருள் மிகுதியாகப் பயன்படுவது இத்தகைய மாணவர்க்கே. தவறாகக் கையாண்டால் இழப்பும் அவர்க்கே மிகுதி. வினாவைப் படம்பிடித்தவுடன் படிப்படியாக விடை தரும் செயலிகள் உள்ளன. அவற்றைப் பார்த்தெழுதிய வீட்டுப்பாடம் குறையின்றித் தோன்றும். தேர்வறையிலோ கைப்பேசி இராது.

விடைகளை மட்டும் தரும் துணை கணித உலகிற்குப் புதிதன்று. கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த சீனிவாச இராமானுஜனின் கைக்கு 1903ஆம் ஆண்டளவில் கார் என்பவர் தொகுத்த நூலொன்று கிடைத்தது. கார், கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தப்படுத்திய தனிப்பயிற்சி ஆசிரியர். ஏறத்தாழ 5000 முடிவுகள் அடங்கிய அந்நூலில் நிரூபணங்கள் மிகக் குறைவு. இன்றைய சொல்லில் கூறினால் அது ஒரு தேர்வு வழிகாட்டி. இராமானுஜன் அம்முடிவுகளை மனப்பாடம் செய்வதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எவ்வாறு வந்திருக்கும் என்று சிலேட்டில் போட்டுப் பார்த்தார். முழங்கையால் அழித்து மீண்டும் போட்டார்.

அந்தச் சிலேட்டைப் போலப் பயன்படும் மென்பொருளும் உண்டு. ஜியோஜீப்ரா அத்தகையது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001ஆம் ஆண்டு தம் முதுகலை ஆய்வின் பொருட்டு இதனை உருவாக்கினார். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் இடம்பெறும் இணையச் செயல்பாடுகள் பலவற்றில் மாணவர் காண்பது இதுவே. தாளில் வரைந்த உருவம் அசையாது. இதிலோ ஒரு புள்ளியை இழுத்தால், அதனோடு இணைந்த கோடுகள் யாவும் உடன் நகரும்.

ஒரு வட்டத்தின் மீது புள்ளிகளைக் குறித்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நாண்களால் இணைக்கவேண்டும். வட்டம் எத்தனை பகுதிகளாகப் பிரிகிறது? ஒரு புள்ளி எனில் நாணே இல்லை, பகுதி 1. இரண்டு புள்ளிகளுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிகளுக்கு 32 என்று எவரும் எழுதிவிடுவர். மென்பொருளைத் திறக்குமுன் அவ்வாறு எழுதிவைப்பதே நன்று. ஊகம் இல்லாதவர்க்கு வியப்பும் இல்லை.

இனி ஜியோஜீப்ராவில் வரைந்து பார்க்கலாம். ஆறு புள்ளிகளையும் சம இடைவெளியில் வைத்து எண்ணினால் 30 பகுதிகளே கிடைக்கும். எண்ணியதில் பிழையோ என்று தோன்றும். ஒரு புள்ளியைச் சிறிது நகர்த்தினால், நடுவில் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டிருந்த மூன்று மூலைவிட்டங்கள் விலகும். அங்கே சின்னஞ்சிறு முக்கோணம் ஒன்று பிறக்கும். பகுதிகள் இப்போது 31. இன்னும் நகர்த்தலாம், எந்தப் புள்ளியை எங்கு இழுத்தாலும் 32 வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதற்கு மென்பொருள் விடை தராது. நூறு முறை இழுத்துப் பார்த்தாலும் அது நிரூபணமாகாது. இங்கே தாளும் எழுதுகோலும் வேண்டும். தொடக்கத்தில் வட்டம் முழுவதும் ஒரே பகுதி. புதிதாக வரையும் ஒவ்வொரு நாணும் தனக்காக ஒரு பகுதியைக் கூட்டுகிறது. முன்பே உள்ள நாண்களை அது வெட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் ஒன்றைக் கூட்டுகிறது. ஆறு புள்ளிகளில் இரண்டிரண்டாகத் தேர்ந்தெடுத்தால் நாண்கள் 15. எந்த நான்கு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றால் உள்ளே ஒரு வெட்டும் புள்ளி அமையும். ஆகவே வெட்டும் புள்ளிகளும் 15. ஒன்றும் பதினைந்தும் பதினைந்தும் சேர்ந்து 31. பதினொன்றாம் வகுப்பில் பயிலும் சேர்மானமே இதற்குப் போதுமானது. சம இடைவெளியில் ஏன் ஒன்று குறைந்தது என்பதும் இப்போது விளங்கும்: அங்கே மூன்று வெட்டும் புள்ளிகள் ஒன்றாகிவிட்டதால் நடு முக்கோணம் மறைந்தது.

இவ்வழியே கணக்கிட்டால் ஏழு புள்ளிகளுக்கு 57, எட்டுக்கு 99, ஒன்பதுக்கு 163. பத்துப் புள்ளிகளுக்கு 256; ஐந்து புள்ளிகளோடு மறைந்த இரண்டின் அடுக்கு இங்கே மீண்டும் ஒருமுறை தலைகாட்டுகிறது.