36 கிரெடிட்டும் ஓர் ஆய்வேடும்

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கிறாள். அமெரிக்காவில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கூடவே, அங்கே ‘பாரெட் ஹானர்ஸ் காலேஜ்’ என்ற ஒன்றிலும் சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் வந்திருக்கிறது. அதற்கென்று ஒரு கட்டுரை எழுதித் தனியாக விண்ணப்பித்திருக்கிறாள். எங்களிடம் மூச்சு விடவில்லை. தனிக் கட்டணமும் உண்டாம். இது வேறு கல்லூரியா, அதே பல்கலைக்கழகமா? பட்டம் மாறுமா? என் மாமனார் டெல்லியில் படித்தவர். “ஹானர்ஸ் என்றால் ஒரே பாடத்தை ஆழமாகப் படிப்பது, தாராளமாகச் சேரட்டும்” என்கிறார். என் கணவரோ, “வேலைக்குப் போகும்போது இதை யார் கேட்கப்போகிறார்கள்? சுமை கூடும், மார்க் குறையும்” என்கிறார். சேர்ந்துவிட்டு நடுவில் முடியாமல் போனால் என்ன ஆகும்?

வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மாமனார் சொல்வது டெல்லிக்குச் சரி. அங்கே ஹானர்ஸ் என்றால் பொருளாதாரமோ இயற்பியலோ ஒரு பாடத்தைப் பிரதானமாக எடுத்துப் படிப்பது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட புதிய கட்டமைப்பில் அது நாலாண்டு, 160 கிரெடிட் படிப்பாக மாறியிருக்கிறது. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நாலாம் ஆண்டில் ஆய்வுத் திட்டத்தோடு ‘ஹானர்ஸ் வித் ரிசர்ச்’ வாங்கலாம். அமெரிக்காவில் கதை ஏறக்குறைய தலைகீழ். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போன உங்கள் மகளை முதல் செமஸ்டரிலேயே கில்காமேஷ் காவியத்தையும் பிளேட்டோவையும் படிக்கச் சொல்லி வட்டமாக உட்கார வைப்பார்கள். பாடத்தில் ஆழம் பிறகு, கடைசி இரண்டு ஆண்டுகளில்தான் வரும்.

பாரெட் வேறு கல்லூரி இல்லை. உங்கள் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளியில்தான் படிப்பாள், பட்டமும் அந்தப் படிப்புக்குத்தான். பாரெட் தனியாகப் பட்டம் தருவதில்லை. ஹானர்ஸ் நிபந்தனைகளை நிறைவேற்றினால் அவள் பட்டத்தோடும் மதிப்பெண் பட்டியலோடும் ஹானர்ஸ் என்ற குறிப்பு சேரும். பட்டமளிப்பு விழாவில் கழுத்தில் பதக்கம் ஒன்று தொங்கும். நிறைவேற்றாவிட்டால் குறிப்பு இருக்காது. பட்டம் அதே பட்டம்தான்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்று தெரிந்தால் அதன் போக்கும் புரியும். ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்துத் திரும்பிய ஃபிராங்க் ஐடலாட், பென்சில்வேனியாவில் உள்ள ஸ்வார்த்மோர் என்ற சிறிய கல்லூரிக்குத் தலைவரானார். கெட்டிக்கார மாணவனும் சராசரி மாணவனும் ஒரே நடையில் நடந்தாக வேண்டும் என்ற அமெரிக்க வழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. 1922இல் சின்னஞ்சிறு செமினார் வகுப்புகள், கடைசியில் வெளியிலிருந்து வரும் பேராசிரியர்கள் நடத்தும் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு என்று ஹானர்ஸ் படிப்பைத் தொடங்கினார். சொல்லிக் கொடுத்தவர் மதிப்பெண் போடக் கூடாது என்பதுதான் அதன் உயிர். ஸ்வார்த்மோரில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது.

பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஹானர்ஸ் படிப்பு நடத்தும் ஆசை பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மாணவர் கூட்டம் பெருகியபோது. 1957இல், ஸ்புட்னிக் பறந்த அதே ஆண்டில், கொலராடோ பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஜோசப் கோஹன் தலைமையில் இதற்கென்றே பல்கலைக்கழகங்களுக்கிடையே ஒரு குழு அமைந்தது. அது ஊர் ஊராகப் போய் ஹானர்ஸ் திட்டங்களைத் தொடங்க வைத்தது. அரிசோனா ஸ்டேட்டில் ஹானர்ஸ் கல்லூரி 1988இல் வந்தது. இன்டெல் நிறுவனத்தின் கிரெய்க் பாரெட், அவர் மனைவி பார்பரா பாரெட் இருவரும் கொடுத்த ஒரு கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகு அவர்கள் பெயரைத் தாங்கியது. இதில் தர்மம் மட்டும் இல்லை, வியாபாரமும் உண்டு. தனியார் கல்லூரிக்குப் போய்விடக்கூடிய நல்ல மாணவர்களை அரசுப் பல்கலைக்கழகம் தன் பக்கம் இழுக்கும் வழி இது. அதனால்தான் கடிதம் அவ்வளவு பளபளப்பாக இருக்கிறது.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். அதில் 36 ஹானர்ஸ் கிரெடிட்டாக இருக்க வேண்டும் என்கிறது பாரெட். கூடுதலாக 36 என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, 120க்குள்ளேயே அடக்கம். அந்த 36இல் ஆறு, முதலாண்டின் ‘ஹியூமன் ஈவென்ட்’ என்ற இரண்டு செமஸ்டர் செமினாருக்குப் போய்விடும். எழுத்து தோன்றிய காலம் முதல் இன்றுவரை மனிதர்கள் எழுதியதில் சிலவற்றைப் படித்து, சிறிய வகுப்பில் விவாதித்துக் கட்டுரை எழுத வேண்டும். நூல் பட்டியல் பேராசிரியருக்குப் பேராசிரியர் மாறும். விரிவுரை கிடையாது, வாயைத் திறக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்து தப்பிக்க முடியாது. நம் ஊரில் பன்னிரண்டு வருடம் வாயை மூடிப் பழகிய பிள்ளைகளுக்கு முதல் மாதம் திணறல்தான். ஆனால் நான் பார்த்தவரை அவர்களுக்கு அதிகப் பலன் தருவதும் இந்த வகுப்புதான். அமெரிக்கக் கல்லூரியில் எப்படிப் பேச வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்பது முதலாண்டிலேயே கைவந்துவிடுகிறது.

மிச்ச கிரெடிட்டுக்கு ஹானர்ஸ் மாணவர்களுக்கென்றே நடக்கும் வகுப்புகள் உண்டு. அவை கலை, சமூக அறிவியல் பாடங்களில் நிறையக் கிடைக்கும், பொறியியல் மேல்வகுப்புகளில் குறைவு. அந்தக் குறையை நிரப்பத்தான் ‘கான்ட்ராக்ட்’ என்ற முறை. உங்கள் மகள் ஆல்கரிதம்ஸ் வகுப்பில் எல்லோரோடும் உட்கார்ந்திருப்பாள். செமஸ்டர் தொடக்கத்திலேயே அந்தப் பேராசிரியரிடம் போய், “நான் ஹானர்ஸ் மாணவி, இந்த வகுப்பில் கூடுதலாக ஒரு வேலை செய்ய அனுமதி வேண்டும்” என்று கேட்பாள். ஒரு சிறு ஆய்வுக்கட்டுரை, ஒரு புரோகிராம், வகுப்புக்கு முன் ஒரு விளக்கவுரை என்று இருவரும் பேசி ஒத்துக்கொள்வார்கள். செய்து முடித்தால் அந்த வகுப்பின் கிரெடிட்டே ஹானர்ஸ் கிரெடிட் ஆகிவிடும். சிக்கல் என்னவென்றால், பேராசிரியர் மறுக்கலாம். இருநூறு பேர் இருக்கும் வகுப்பில் அவருக்கு நேரம் இல்லாமல் இருக்கலாம். ஒத்துக்கொண்டவர்களிலும் சிலர் ஒப்புக்கு ஒரு கட்டுரை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சிலர் அந்தச் சாக்கில் மாணவியைத் தங்கள் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரே திட்டத்தில் படித்த இருவரின் அனுபவம் மலைக்கும் மடுவுக்குமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஆய்வேடு. ஒரு பேராசிரியரை வழிகாட்டியாகப் பிடித்து, ஒரு கேள்வியை எடுத்து, பெரும்பாலும் இரண்டு செமஸ்டர் உழைத்து எழுதி, குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மென்பொருள், குறும்படம், கண்காட்சி போன்ற படைப்பாகவும் இருக்கலாம். ஹானர்ஸ் முழுவதையும் நான் இந்த ஒன்றை வைத்துத்தான் எடைபோடுவேன். இருபத்தோரு வயதில் ஒரு கேள்வியோடு ஓராண்டு மல்லுக்கட்டுவது எல்லோருக்கும் வாய்க்காது. அவளை நன்றாகத் தெரிந்த ஒரு பேராசிரியர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதமும் இதன் வழியாகத்தான் வரும். விலகுகிறவர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விலகுகிறார்கள், மூன்றாம் ஆண்டு முடிகிற நேரத்தில். வழிகாட்டி கிடைக்கவில்லை, கடைசியாண்டு பிராஜெக்டும் இதுவும் மோதுகின்றன, வேலைக்கான நேர்காணல்கள் வந்துவிட்டன என்று காரணங்கள் வரிசையாக வரும். இரண்டாம் ஆண்டிலேயே ஒரு ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

விலகினால் களங்கம் எதுவும் இல்லை. பாரெட் வழியாகப் பட்டம் பெற ஜிபிஏ 3.25 வேண்டும். ஒரு செமஸ்டர் சறுக்கினால் உடனே வெளியே தள்ளிவிட மாட்டார்கள், சரிசெய்ய அவகாசம் தருவார்கள். அப்படியும் முடியாவிட்டால் பொறியியல் பள்ளியின் சாதாரண மாணவியாக அதே படிப்பைத் தொடரலாம். எடுத்த கிரெடிட் எதுவும் வீணாகாது. மார்க் குறையும் என்ற பயமும் வேண்டாம். ஹானர்ஸ் வகுப்பு சிறியது, பேராசிரியருக்கு மாணவியின் பெயர் தெரியும். கவனமாகப் படிக்கிற பிள்ளைக்குப் பெரிய விரிவுரை வகுப்பைவிட அங்கே தேறுவது எளிது.

பணம். பாரெட் கட்டணம் ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேலே போகிறது, ஆண்டுதோறும் மாறவும் செய்கிறது; இந்த ஆண்டுத் தொகையை அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலாண்டில் பாரெட் விடுதியிலேயே தங்க வேண்டுமா, அந்த வாடகை மற்ற விடுதிகளைவிட எவ்வளவு அதிகம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பல குடும்பங்கள் கட்டணத்தைப் பார்த்துவிட்டு வாடகையைக் கோட்டை விடுகின்றன. ஹானர்ஸில் இடம் கிடைத்ததாலேயே உதவித்தொகை வந்துவிடாது, அது தனி. பதிலுக்குக் கிடைப்பவற்றில் நான் பெரிதாக மதிப்பது வகுப்புப் பதிவில் முன்னுரிமை. பல்கலைக்கழகத்தின் டெம்பி வளாகத்தில் மட்டும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் படிக்கிறார்கள். நல்ல ஆசிரியரின் வகுப்பு பதிவு தொடங்கிய வேகத்தில் நிரம்பிவிடும். ஹானர்ஸ் மாணவிக்கு அந்தப் பதிவு மற்றவர்களுக்கு முன்பே திறக்கும்.

உங்கள் கணவர் கேட்டதில் பாதி நியாயம். மென்பொருள் நிறுவனத்தில் நேர்காணல் செய்கிறவர் ஹானர்ஸ் பதக்கத்தைக் கேட்க மாட்டார், புரோகிராம் எழுதத்தான் சொல்வார். எஃப்-1 விசாவில் படிப்பவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் கிடைக்கும் ஓராண்டு வேலை அனுமதியும், அறிவியல், பொறியியல் பட்டங்களுக்கு அதன்மேல் தரும் 24 மாத நீட்டிப்பும் ஹானர்ஸால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் மேற்படிப்பு, அதிலும் பிஎச்.டி., என்ற எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். சேர்க்கைக் குழு முதலில் தேடுவது, இந்த மாணவி ஆய்வு செய்து பார்த்தவளா என்பதைத்தான்.

விண்ணப்பங்களிலும் விளம்பரங்களிலும் ‘ஹானர்ஸ்’ என்ற பெயரில் இன்னும் இரண்டு உலவும், குழம்பிவிடாதீர்கள். ‘கும் லாடே’, ‘மாக்னா கும் லாடே’, ‘சும்மா கும் லாடே’ என்ற லத்தீன் அடைமொழிகள் பெரும்பாலான இடங்களில் மதிப்பெண்ணுக்கு மட்டும் தருபவை. எந்தத் திட்டத்திலும் சேராத மாணவிக்கும் கிடைக்கும். (நம் காதில் ‘சும்மா’ என்று விழுவதுதான் அவற்றுள் உயர்ந்தது!) துறை ஹானர்ஸ் என்பது மூன்றாம் ஆண்டுவாக்கில் ஒரு துறையிலேயே சேர்ந்து ஆய்வேடு எழுதுவது. ஹானர்ஸ் கல்லூரி இல்லாத பல்கலைக்கழகங்களிலும் அது உண்டு.

கல்லூரிக்குக் கல்லூரி நிலவரமும் வேறு. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஷ்ரேயர் ஹானர்ஸ் கல்லூரி 1980இல் தொடங்கிய ஒரு திட்டத்திலிருந்து 1997இல் வளர்ந்தது. இடம் கிடைப்பது கடினம், ஜிபிஏ 3.40 வேண்டும், ஆய்வேடு கட்டாயம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 1935 முதல் நடக்கும் ‘பிளான் டூ’ ஒரு பாடப்பிரிவாகவே இருக்கிறது. இலக்கியம், தத்துவம், அறிவியல் எல்லாம் கலந்த பட்டம் அது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஹானர்ஸ் கல்லூரி 2001இல் வந்தது, அந்த மாநிலத்து மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுப் பையனின் ஹானர்ஸ் அனுபவத்தைக் கேட்டு உங்கள் மகளுக்கு முடிவு எடுக்காதீர்கள், அவன் எந்தப் பல்கலைக்கழகத்தில் என்று முதலில் கேளுங்கள்.

என் கருத்து: சேரட்டும். பாரெட்டுக்கான விண்ணப்பக் கட்டுரையை யாரும் சொல்லாமல் தானே எழுதினாள் பாருங்கள், அது ஒன்றே எனக்குப் போதும். வீட்டார் தள்ளிவிட்டுச் சேர்ந்த பிள்ளைகள்தான் கிரெடிட்டை எண்ணிக்கொண்டே நாட்களைத் தள்ளும். மூன்றே ஆண்டில் படித்து முடித்துச் செலவை மிச்சப்படுத்தலாம் என்றோ, இரண்டு பாடப்பிரிவுகளில் ஒரே சமயத்தில் பட்டம் வாங்கலாம் என்றோ அவள் நினைத்திருந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள், அந்தத் திட்டங்களோடு ஆய்வேடு ஒத்துப்போவது சிரமம்.

முடிவைச் சொல்வதற்கு முன் அவளையே பாரெட் ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்ப வேண்டாம், அங்கே பெற்றோர் எழுதினால் மரியாதையாக ஒரு பொதுப் பதில்தான் வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு 36 கிரெடிட்டும் எங்கிருந்து வருகிறது என்று எட்டு செமஸ்டர் மாதிரித் திட்டம் ஒன்று கேட்கட்டும். கடைசியாண்டு பிராஜெக்டை ஆய்வேடாக வளர்க்க விடுவார்களா, சென்ற ஆண்டு அந்தத் துறை மாணவர்கள் எதைப் பற்றி ஆய்வேடு எழுதினார்கள் என்றும் கேட்கட்டும். இப்போது மனம் ஒப்பாவிட்டாலும் பரவாயில்லை. அதே பல்கலைக்கழகத்தில் நன்றாகப் படித்து, பிறகு மேல்நிலை மாணவியாகப் பாரெட்டில் சேர வழி இருக்கிறது. அப்படிச் சேர்பவர்களுக்கு ஹானர்ஸ் கிரெடிட் 18 போதும், ஹியூமன் ஈவென்ட்டின் இரண்டு செமஸ்டரும் கிடையாது. ஆய்வேடு மட்டும் அப்போதும் உண்டு.