நாய்க்கு இறைச்சியும் எலும்பும் கொடுக்கும் முறை

சேர்வராயன் மலைக் கிராமங்களில் ஆட்டுப்பட்டியைக் காக்கவும், பயிரில் இறங்கும் காட்டுப்பன்றியை விரட்டவும் நாய் அவசியமான துணையாகும். ஆயினும் அதற்கு நாம் இடும் தீனியினாலேயே குடும்பத்தாருக்கும் கால்நடைகளுக்கும் கொடிய வியாதி ஒன்று வரக்கூடும் என்பதை அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும்.

வியாதி பரவும் விதம்

ஆடு, மாடு, பன்றிகளை அறுக்கும்போது ஈரலிலும் நுரையீரலிலும் சிற்சில சமயங்களில் நீர் நிறைந்த வெண்கட்டிகள் காணப்படும். உண்ணத் தகாததென்று அவற்றைப் பச்சையாகவே நாய்க்கு எறிந்துவிடுகின்றனர். அக்கட்டிக்குள் ஒருவகை நாடாப்புழுவின் தலைகள் ஏராளமாக உள்ளன. அவை நாயின் குடலில் ஏறக்குறைய ஏழு வாரத்தில் வளர்ந்து முட்டையிடும். அரிசிமணி அளவுக்கு மேற்படாத இப்புழுக்களால் நாய்க்கு நோவொன்றும் தோன்றாது. முட்டைகள் மலத்தோடு வெளிப்பட்டுப் புல்லிலும் ஜலத்திலும் கலக்கும். அங்கு மேயும் ஆடு மாடுகளுக்குக் கட்டி உண்டாகும். நாயைத் தடவிய கையைக் கழுவாது உண்ணும் குழந்தையின் வயிற்றிலும் முட்டை சேரும். பல வருஷங்கள் மெல்ல வளர்ந்த கட்டியைப் பின்னர்ச் சஸ்திர சிகிச்சையால் எடுக்க நேரிடும்.

தீனி தயாரிக்கும் முறை

1. இறைச்சி, ஈரல் முதலியவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஜலம் கொதித்தபின் அரைமணிக்குக் குறையாமல் வேகவிடுக. ஏறக்குறைய 5,000 அடி உயரமுள்ள ஏற்காட்டில் ஜலம் 95 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். ஆதலால் மலைமேல் முக்கால் மணி வேகவிடுதல் நன்று.

2. கட்டியுள்ள உறுப்பைச் சமைத்தும் கொடுக்கலாகாது. எரித்துவிடுக, அன்றேல் நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துக் கல் அடுக்குக.

3. வெந்த எலும்பு, விசேஷமாகக் கோழி எலும்பு, சில்லுகளாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். எலும்பை நீக்கிச் சாற்றை மட்டும் கேழ்வரகுக் களியிலோ சாமைச் சோற்றிலோ பிசைந்து, ஆறியபின் இடுக. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்குமாதலின் சேர்க்கலாகாது.

4. பச்சை எலும்பு அவ்வளவு எளிதில் சிதறாதெனினும், அதனால் பல் உடைவதுண்டு. வேறு கிருமிகளும் அதில் இருக்கும். கொடாதிருத்தலே மேல்.

5. இறைச்சி நறுக்கிய கத்தி, பலகை, கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவுக.

ஊர் கூடிச் செய்யவேண்டியது

ஒரு வீட்டார் மட்டும் ஜாக்கிரதையாயிருந்து பயனில்லை. அயலார் நாயும் அதே மேய்ச்சலில் திரிகின்றது. ஐஸ்லாந்து தேசத்தில் இவ்வியாதி மிகுந்திருந்தது. 1863-ல் கிராபே என்னும் டென்மார்க் பண்டிதர் அங்குச் சென்று நாய்களைப் பரிசோதித்தார். அடுத்த வருஷம் அவர் எழுதிய சிறு புத்தகம் ஜனங்களிடையே வழங்கப்பெற்றது; பின்னர்ச் சட்டமும் ஏற்பட்டது. கழிவு மாமிசத்தை நாய்க்கு எட்டாமற் செய்ததனால், காலக்கிரமத்தில் வியாதி அத்தேசத்தைவிட்டு நீங்கிற்று.

நம் சங்கங்களும் ஆடு அறுக்குமிடத்தில் வேலியும் மூடிய குழியும் அமைக்கலாம். மிருக வைத்தியரின் யோசனைப்படி, ஆறு வாரத்திற்கொருமுறை ஊர் நாய்கள் யாவற்றிற்கும் ஒரே நாளில் பிராசிகுவான்டெல் மருந்து கொடுக்கலாம். மருந்திட்ட இரு நாட்கள் நாயைக் கட்டிவைத்து, மலத்தை எரித்துவிட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியையும் அத்தகைய நாளொன்றில் வருஷந்தோறும் போட்டுவிடலாம். அங்கத்தினர்கள் இதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆலோசித்துத் தீர்மானமாக நிறைவேற்றுவார்களாக.