வியன்னாவில் என்னதான் நிரூபித்தார்கள்?

தருக்க வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் எழுந்து இதைச் சொல்லிவிடுகிறார்: "மெட்டாபிசிக்ஸ் எல்லாம் செத்துப்போச்சு சார். அதுக்கு அர்த்தமே இல்லைன்னு வியன்னாவுல நிரூபிச்சுட்டாங்க." போன மாதம் படித்த பெரியவர் ஒருவர் மேடையிலேயே இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

நடந்தது இதுதான். 1920களில் வியன்னாவில் மெய்யியலாளர் மோரிட்ஸ் ஷ்லிக்கைச் சுற்றிக் கூடியவர்கள் ஓர் அளவுகோல் வைத்தார்கள். ஒரு கூற்றை அனுபவத்தில் சரிபார்க்க வழியிருக்க வேண்டும். அல்லது கணிதம்போலத் தன் அமைப்பினாலேயே அது நிற்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது பொய்கூட அல்ல, பொருளற்ற பேச்சு. அவர்களில் ஒருவரான ருடால்ஃப் கார்னாப், இந்த அளவுகோலோடு மெய்யியலாளர் ஹைடெக்கரின் 1929 ஃப்ரைபர்க் உரையை ஒரு கட்டுரையில் பிரித்து மேய்ந்தார். "டப்பாவில் ஒன்றுமில்லை" என்றால், 'ஒன்றுமில்லை' என்றொரு பண்டம் உள்ளே கிடக்கிறது என்று யாரும் கைவிட்டுத் துழாவுவதில்லை. ஹைடெக்கரோ இன்மையைப் பெயர்ச்சொல்லாக்கி, அதற்கொரு வினையும் கொடுத்துவிட்டார் என்பது கார்னாப்பின் குற்றச்சாட்டு. அருமையான கட்டுரை. இன்றும் விரும்பி நடத்துகிறேன்.

ஆனால் ஒருவரின் மொழி மயக்கத்தைக் காட்டுவது வேறு, ஒரு துறையையே ஒழிப்பது வேறு. முதலில் அந்த அளவுகோலையே அளந்து பாருங்கள். "சரிபார்க்க முடியாத கூற்று பொருளற்றது": இதை எந்த ஆய்வகத்தில் சரிபார்ப்பீர்கள்? இது கணிதமும் அல்ல. வெறும் பரிந்துரைதான் என்றால், நிரூபணம் எங்கே போயிற்று? இந்த ஆண்டு கேட்ட மாணவரிடம் கார்னாப்பின் கட்டுரையைக் கொடுத்து, அதன் அளவுகோலில் தேறும் வாக்கியங்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டு வரச் சொன்னேன். யார் என்ன எழுதினார் என்ற தகவல்களுக்குக் கோடு இருந்தது. அளவுகோலை வகுக்கும் பத்தியில் பென்சில் படவேயில்லை.

இன்னொன்று. "செம்பு எங்கிருந்தாலும் மின்சாரம் கடத்தும்." எல்லாச் செம்பையும் சோதித்து முடித்தவர் யார்? முழுச் சரிபார்ப்புக் கேட்டால் இயற்பியல் விதிகளும் சேர்ந்தே குப்பைக்குப் போகும். இது தெரிந்துதான், அதே அளவுகோலை ஏற்ற மெய்யியலாளர் ஏ. ஜே. அயர் தம் நூலில் விதியைத் தளர்த்தி வைத்தார், 1946 பதிப்பில் அதைத் திருத்தியும் எழுதினார். 1949இல் தருக்கவியலாளர் அலோன்சோ சர்ச் அந்தப் பதிப்புக்கு ஒரு சின்ன மதிப்புரை எழுதினார். தளர்த்திய விதிப்படி ஏறக்குறைய எந்தக் கூற்றும், இல்லாவிட்டால் அதன் மறுப்பாவது, தேறிவிடும் என்று காட்டினார். இறுக்கினால் அறிவியல் வெளியே போகிறது, தளர்த்தினால் எல்லாம் உள்ளே வருகிறது! 1951இல், கார்னாப்பை ஆசானாக மதித்த மெய்யியலாளர் குவைனே, மெட்டாபிசிக்ஸ் எனப்படும் மீவியற்பியலுக்கும் அறிவியலுக்கும் நடுவே போட்ட கோடு மங்குகிறது என்றார். 1970இல் தருக்கவியலாளர் சால் கிரிப்கி பிரின்ஸ்டனில் கையில் குறிப்பில்லாமல் மூன்று உரைகள் நிகழ்த்தினார். அவற்றால் அவசியமும் சாராம்சமும் மறுபடி மெய்யியலின் நடுக்கூடத்துக்கு வந்தன.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு தேவையில்லை. மெட்டாபிசிக்ஸ் என்றால் ஆவியும் ஜாதகமும் அல்ல. அரிஸ்டாட்டிலின் ஏடுகளில் 'இயற்பியலுக்குப் பின் வருபவை' என்று அடுக்கப்பட்டதால் வந்த பெயர் என்றே பொதுவாகச் சொல்வார்கள். ஹைடெக்கர் மெட்டாபிசிக்ஸைத் தாண்டிவிட்டாராம். தாண்டும் முயற்சியையே விட்டுவிடுவோம் என்று 1962 உரையில் சொன்னவரும் அவர்தான். குவாண்டம் இயற்பியல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டதா? அந்த இயற்பியலின் கணக்கில் வரும் அலைச்சார்பு உலகில் இருப்பதா, நம் கணக்குக்கான கருவியா என்று கேட்டுப் பாருங்கள். எவரெட் 1957இல் தொடங்கிய பல்லுலகப் பார்வைக்காரர்களும் நீல்ஸ் போரின் வழிவந்தவர்களும் ஒரே சோதனை முடிவுகளை வைத்துக்கொண்டு எதிரெதிரே நிற்கிறார்கள். எது உண்மையில் இருக்கிறது என்ற அந்தச் சண்டைக்குப் பெயர் மீவியற்பியல்.

அறிவியல் பட்டப்படிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு பருவம் தருக்கம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். நேரமில்லை என்கிறார்கள். வாரம் இரண்டு மணி நேரம் போதும். முதல் வகுப்பில் கார்னாப்பின் கட்டுரையும் ஆளுக்கொரு பென்சிலும் கொடுங்கள். நடத்த நான் வருகிறேன்.