உவரில் வாழும் இருவர்

ஆனையிறவுக் கடல்நீரேரிக்கு அண்மையில் வயல் வைத்திருப்போருக்கு உவரைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்து, ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது வரம்பு உடைந்து தரை உப்புப் பூத்துக் கிடந்ததைக் கண்டவர்கள் அவர்கள். அங்கே நெல் கருகுகிறது. அதே உவரில் இருவர் செழித்து வாழ்கின்றனர்.

ஒருவர், கரையோரக் கண்ணா மரம். சிறிய மஞ்சள் பூ, தேனீ மொய்க்கும், மாடும் இலையைத் தின்னும். வேர் நீரை உறிஞ்சும்போதே உப்பில் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடும். தப்பி உள்ளே வந்ததை இலை வெளியே தள்ளும். வெயில் நேரத்தில் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்.

மற்றவர், துனாலியெல்லா என்னும் ஒருகல அல்கா. நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் ஒரு மில்லிமீற்றர் வரும். உப்பளப் பாத்தியில் நீர் வற்றும்போது செந்நிறம் படர்வதில் இதற்கும் பங்குண்டு. வேரில்லை, இலையில்லை, ஏன், கெட்டியான கலச்சுவர்கூட இல்லை. பின் எப்படித் தாங்குகிறது? வெளியே உப்புக் கூடக் கூட, உள்ளே கிளிசரோல் என்ற இனிப்பான பொருளை ஆக்கி நிரப்பிக்கொள்கிறது. அதனால் உள்ளேயுள்ள நீரை வெளியுப்பு இழுத்துவிட முடிவதில்லை.

நெல்லுக்கு இவ்விரு வழியும் போதிய அளவில் இல்லை. நுனி கருகியதும் யூரியாவை அள்ளி வீசுகிறோம். கரைந்த பசளையும் உப்பைப் போலவே வேரிலிருந்து நீரை இழுக்கும்! காலபோகத்துக்கு முன், முதல் மழைநீரை வரம்பு கட்டித் தேக்கி, ஊறவிட்டு, வடித்து, மறுபடி தேக்குங்கள். உவர் தாங்கும் ஏ.ரீ. 354 நெல்லினம் உண்டு. வடிகால் இல்லாத வயலில் அதுவும் தாங்காது. வாய்க்காலை முதலில் வெட்டுங்கள்.