கொல்லிமலையில் போன் வாங்கும் முன்

செம்மேட்டுக் கடைவீதியிலும் சோளக்காட்டுச் சந்தையிலும் இளைஞர்கள் கையில் இருப்பவை சென்னையிலும் கோவையிலும் விற்கிற அதே போன்கள்தான். அதே பளபளக்கும் முதுகு, அதே மூன்று கேமரா, அதே நடிகர் நடித்த விளம்பரம். மலை மட்டும் வேறு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கும் ஊர்கள். ஒரு மேட்டில் சிக்னல் முழுசாக நிற்கும், அடுத்த பள்ளத்தில் இறங்கினால் அறவே இருக்காது. மழையும் பனிமூட்டமும் உண்டு, மின்தடையும் உண்டு. மாதச் சம்பளக்காரர் குறைவு. மிளகும் காப்பியும் பலாவும் விலைபோகும் பருவத்தில்தான் வீட்டில் காசு புழங்கும். விளம்பரம் எடுக்கிறவர்கள் இதில் எதையும் நினைத்துப் பார்ப்பதில்லை. வாங்குகிறவர்களாவது நினைக்க வேண்டும்.

போன் அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறே இல்லை. 2004-இல் மோட்டோரோலாவின் ரேசர் உலகம் முழுக்க ஓடியது அதன் மெலிந்த உருவத்துக்காகத்தான். 2007-இல் எல்ஜி நிறுவனம் பிராடா என்ற ஆடை நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு போன் விட்டது. ஆனால் 2003-இல் வந்த நோக்கியா 1100-ஐ நினைத்துப் பாருங்கள். தலையில் டார்ச் விளக்கு, தூசி புகாத பொத்தான்கள், வேர்வைக் கையிலும் வழுக்காத பக்கங்கள். நம்மைப் போன்ற நாடுகளின் வெயிலையும் தூசியையும் இருட்டையும் மனதில் வைத்துச் செய்த போன் அது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. மக்கள் வாழும் இடத்தைப் பார்த்துச் செய்த பொருளுக்கு அப்படி ஒரு வரவேற்பு இருந்தது. அந்தக் கண்ணோடுதான் இன்றும் போனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

● முதலில் சிம்மை முடிவு செய்யுங்கள், போன் அதற்குப் பிறகு. எந்த நிறுவனத்தின் சிக்னல் உங்கள் வீட்டுக்குள் வருகிறது, தோட்டத்தில் வருகிறது, பிள்ளை படிக்கும் இடத்தில் வருகிறது என்று அக்கம்பக்கத்தார் போன்களை வாங்கி நடந்தே பாருங்கள். செம்மேட்டில் நன்றாக எடுக்கிறது என்பதால் உங்கள் ஊரிலும் எடுக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு சிம் போடும் வசதி மலையில் ஆடம்பரமல்ல, தேவை. இரண்டும் வெவ்வேறு நிறுவனமாக இருக்கட்டும்.

● அந்த நிறுவனத்தின் அலைவரிசை போனில் இருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்த அலைவரிசை அதிகத் தூரம் போகும், மரத்தையும் சுவரையும் ஓரளவு தாண்டும். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகிறது, அதற்குப் பேண்ட் 28 என்று பெயர். எல்லாப் போன்களிலும் அது இருப்பதில்லை. கேமராவின் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அந்த மாடலின் விவரப் பக்கத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

● வீட்டுப் பெரியவர்களுக்குப் பட்டன் போன் வாங்கினால் அது 4ஜி போனா என்று பாருங்கள். ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது. வெறும் 2ஜி போனில் ஜியோ சிம்மைப் போட்டால் அழைப்பே வராது. “தம்பி, எதையோ வாங்கிக் கொடுத்துட்ட, பேசவே முடியல” என்று பாட்டி சொல்லும் நிலை வரக்கூடாது.

● பில் வாங்குங்கள். அதில் ஐஎம்இஐ எனப்படும், போனின் அடையாள எண் அச்சாகியிருக்க வேண்டும். போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். பில்லில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் திரையில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். முறையான ஐஎம்இஐ இல்லாத போன்களின் இணைப்பை 2009 டிசம்பரிலேயே அரசு துண்டிக்க வைத்தது. போன் தொலைந்தால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கவும் இந்த எண்தான் கைகொடுக்கும். போலீஸ் புகாருக்கும் இதுதான் ஆதாரம்.

● பேட்டரியைக் கவனியுங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடிக் கூடுதல் சக்தியைச் செலவழிக்கும். நகரத்தில் ஒன்றரை நாள் நிற்கிற போன் மலையில் சாயங்காலமே தீர்ந்துபோவதற்கு இது முக்கியக் காரணம். சிக்னலே இல்லாத காட்டுப் பக்கம் வேலைக்குப் போகும்போது விமானப் பயன்முறையில் போட்டு வையுங்கள். பெரிய பேட்டரி உள்ள போனே நல்லது, அது கொஞ்சம் கனமாக இருந்தாலும்.

● பழுதானால் எங்கே கொண்டுபோவீர்கள் என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் நாமக்கல்லிலா, சேலத்திலா? கீழே இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். அதையும் போனின் விலையோடு சேர்த்துப் பாருங்கள். உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் மாடல், பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும், மலைக்கு உயர்ந்த மாடல்.

● நீர் புகாமைக் குறியீட்டைப் பாருங்கள். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். ஐபி54 வெறும் தெறிப்பைத்தான் தாங்கும். எந்தக் குறியீடு இருந்தாலும், தண்ணீரால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது என்று பெரும்பாலான நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

செய்யக்கூடாதவை

● மாதத் தவணையில் மயங்காதீர்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். தவணை மாதாமாதம் வரும், மலையின் வருமானம் அப்படி வராது. மிளகுக் காசு தை முதல் பங்குனி வரை வரும், பலாக் காசு கோடையில் வரும். ஐப்பசி மாதத் தவணைக்கு என்ன செய்வீர்கள்? “வட்டியே இல்லை” என்று சொல்லும் திட்டத்தில் செயலாக்கக் கட்டணம் ஒளிந்திருக்கலாம், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் கைவிட்டுப் போகலாம். ஒரு தவணை தவறினாலும் அபராதம் ஏறும், கடன் வரலாற்றில் கறை விழும். நாளைக்குத் தோட்டத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது அந்தக் கறை குறுக்கே நிற்கும். அறுவடைக் காசு கையில் இருக்கும்போது, அதற்குள் அடங்குகிற போனை ரொக்கமாக வாங்குங்கள்.

● 5ஜி என்ற எழுத்துக்காக மட்டும் நல்ல போனைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் ஊரில் 5ஜி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது இன்றைக்கு உங்களுக்குப் பயன்படாது.

● நனைந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள். அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், தூசியும் மாவும் துளைகளில் போய் அடைக்கும். ஆப்பிள் நிறுவனமே அதைச் செய்ய வேண்டாம் என்கிறது. அணைத்துவிட்டு, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

● பில் இல்லாத பழைய போன் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் கைநீட்டாதீர்கள். அது திருட்டு போனாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையில் வைத்திருக்கும் நீங்கள்தான்.

● பணம் வாங்குவதற்காக யுபிஐ ‘பின்’ நம்பரை அழுத்தாதீர்கள். மிளகோ பலாவோ வாங்க வருகிற வியாபாரி “பணம் போட்டுட்டேன் அக்கா, பாருங்க” என்று தன் போன் திரையைக் காட்டினால் அதை நம்பி மூட்டையை ஏற்றிவிடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வந்ததா என்று உங்கள் போனில் பாருங்கள். சிக்னல் இல்லையென்றால் சிக்னல் வரும் இடம் வரை போய்ப் பார்த்த பிறகு ஏற்றுங்கள், அவசரப்படுத்தினால் ரொக்கம் கேளுங்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு அந்த ரகசிய ‘பின்’ நம்பர் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள்.

● கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதீர்கள். ஆகாய கங்கை அருவியின் வழுக்குப் பாறையில் பின்னால் நகர்ந்து நகர்ந்து செல்பி எடுக்காதீர்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கும் மலைப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

விற்கிறவர்களுக்கு

பேனர் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். போனை இரண்டு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிக்னல் பார்த்துவிட்டு வாங்கும் வசதியைக் கொடுங்கள். தவணை தருவதானால் அறுவடையை ஒட்டி அமையுங்கள். செம்மேட்டில் வாரத்துக்கு ஒரு நாளாவது பழுதுபார்ப்பவர் உட்காரட்டும். இதை முதலில் செய்கிற நிறுவனத்துக்கு மலையில் விளம்பரமே தேவைப்படாது. ஊரடங்குக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகச் சிக்னல் தேடி மரமேறிய பிள்ளைகளின் படங்கள் இதே நாமக்கல் மாவட்டத்திலிருந்தும் வந்தன. போன் வாங்கித் தந்தும் பிள்ளைகள் படிக்க முடியாமல் போனதால் பெற்றோர் பட்ட வேதனையை நீங்கள் மறக்கக்கூடாது.

மலையில் இன்னொரு வணிகமும் போனை நம்பி நிற்கிறது. கொல்லிமலை என்ற பெயருக்கே சந்தையில் மதிப்பு உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள குழுக்களோடு சேர்ந்து சாமை, தினை போன்றவற்றைப் பொதி கட்டி விற்க உதவியிருக்கிறது. மலை விவசாயிகளே, அதே வழியில் உங்கள் மிளகையும் தேனையும் போன் வழியாக விற்பதானால் உண்மையான படத்தைப் போடுங்கள், எடையையும் விலையையும் எழுதுங்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவெண்ணை வாங்கிப் பொதியில் அச்சிடுங்கள். கீழே வாங்கிய சரக்கைக் கலந்து மலைப் பெயரில் விற்காதீர்கள்.

ஏமாற்றப்பட்டால்

பில்லை எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, போனைச் சேலத்தில் வாங்கியிருந்தாலும் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாமக்கல்லிலேயே, வழக்குப் போடலாம். இணையம் வழியாகவும் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.